எலியா, மாடா, குரங்கா, மனிதரா: தொற்றுநோய் ஆய்வை எதில் செய்வது?

கிருமி உள்ளே நுழைந்ததும் உடலின் எதிர்ப்பாற்றல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சரி, யாருடைய உடலில்? தொற்றுநோய் ஆய்வில் இறங்குகிற எவரும் முதலில் எடுக்க வேண்டிய முடிவு இது. பெரும்பாலும் யாரும் அதை உட்கார்ந்து யோசித்து எடுப்பதில்லை. ஆய்வகத்தில் ஏற்கெனவே எலி இருக்கிறது, அதனால் எலி. வழிகாட்டும் பேராசிரியர் கோழியில் பெயர் வாங்கியவர், அதனால் கோழி. நான்கு ஆண்டுகள் உழைத்த பிறகு, "மனித உடலில் இது இப்படி நடப்பதில்லையே" என்று கட்டுரையை மதிப்பிடுபவர் ஒரு வரி எழுதும்போதுதான் உறைக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயின் பெயரைப் பார்த்து விலங்கைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, கேள்வியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காசநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட மரபணுவை நீக்கினால் நோய் எப்படிப் போகும் என்பது கேள்வியானால் எலி போதும். நோயாளியின் அறைக் காற்றில் கிருமி உயிரோடு இருக்கிறதா என்றால் கினிப்பன்றி. ஒரு தடுப்பூசி கன்றைக் காக்குமா என்றால் கன்றில்தான் பார்க்க வேண்டும். ஒரே நோய்க்குள் மூன்று கேள்வி, மூன்று விலங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் குரங்குக்கு அதன் தகுதியைவிடக் கூடுதல் மதிப்பு தரப்படுகிறது. பண்ணை விலங்குகளுக்கும், மனிதரிடமிருந்தே எடுக்கும் மாதிரிகளுக்கும் தகுதியைவிடக் குறைவாகவே தரப்படுகிறது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுண்டெலி

எலியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரே வகையைச் சேர்ந்த எலிகள் எல்லாம் மரபணுவில் ஏறத்தாழ அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். எந்த மரபணுவை வேண்டுமானாலும் எடுத்துவிட்டுப் பார்க்கலாம். எந்தச் செல்லை அடையாளம் காண வேண்டுமானாலும் அதற்கான ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒன்றில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) கடையில் கிடைக்கும். எதிர்ப்பாற்றல் பற்றி இன்று பாடப்புத்தகத்தில் இருப்பதில் பெரும்பகுதி எலியிலிருந்து வந்ததுதான். தைமஸ் சுரப்பி எதற்கு இருக்கிறது என்று 1961இல் ஜாக் மில்லர் கண்டதும் எலியில். தொற்றுக்கு ஆளான செல்லை டி செல் என்ற வெள்ளையணு எப்படி அடையாளம் காண்கிறது என்று 1970களின் நடுவில் டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் கண்டதும் எலியில். அதற்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரிய நச்சைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஓர் எலி வகையை ஆராய்ந்துதான் டிஎல்ஆர்4 என்ற உணரியின் வேலையை 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழு கண்டுபிடித்தது.

ஆனால் "எலியில் செய்தோம்" என்பது பாதித் தகவல்தான். எந்த எலி? லீஷ்மேனியா மேஜர் என்ற ஒட்டுண்ணியைச் சி57 வகை எலிக்குக் கொடுத்தால் புண் ஆறிவிடும். பால்ப் சி வகைக்குக் கொடுத்தால் நோய் முற்றிச் செத்துவிடும். முதல் வகையில் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து ஒட்டுண்ணியைக் கொல்லச் செய்கின்றன. இரண்டாவதில் எதிர்ப்பு வேறு பாதையில் திரும்பிவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து டி செல் வகைகளைப் பற்றிப் பெரிய அறிவியலே வளர்ந்தது. கூடவே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது: எலி வகையை மாற்றினால் முடிவு தலைகீழாகலாம். மனிதர்கள் ஒரே வகையினர் அல்லர்.

ஃப்ளூ ஆய்வுக்கு எலியை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் எலி வகைகளில் எம்எக்ஸ்1 என்ற மரபணு உடைந்துபோயிருக்கிறது. ஃப்ளூ வைரஸை அடக்க இன்டர்ஃபெரான் (வைரஸ் நுழைந்ததும் செல்கள் விடும் எச்சரிக்கைப் புரதம்) கையில் எடுக்கும் முக்கியமான ஆயுதம் இது. 1960களில் ஜான் லிண்டன்மன், ஏ2ஜி என்ற எலி வகை மட்டும் ஃப்ளூவுக்கு அசையாமல் நிற்பதைக் கண்டதிலிருந்துதான் இந்தக் கதை தெரியவந்தது. வழக்கமான எலியில் ஃப்ளூவுக்கு எதிரான இன்டர்ஃபெரானை ஆராய்வது என்றால், முதன்மையான ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு போரைப் பார்ப்பதற்குச் சமம். எம்எக்ஸ்1 சரியாக இருக்கும் எலிகள் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிட ஆழமான சிக்கல் மைடி88. டிஎல்ஆர் உணரிகளில் பெரும்பாலானவை தாங்கள் கண்டதைச் செல்லுக்குள் சொல்லப் பயன்படுத்தும் புரதம் அது. அது இல்லாத எலி ஏகப்பட்ட கிருமிகளுக்கு இரையாகிறது. ஆகவே மனிதருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பிறவியிலேயே மைடி88 இல்லாத குழந்தைகளைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. அவர்களுக்குச் சீழ் உண்டாக்கும் சில பாக்டீரியாக்களால் கடுமையான தொற்று வருகிறது. வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. வயது ஏற ஏற, தப்பிப் பிழைத்தவர்களுக்கு நிலைமையும் சீராகிறது. எலியில் நடந்தது பொய் இல்லை. ஆனால் சோதனைக்கூடத்தில் ஓர் எலிக்கு ஒரே மூச்சில் பெரிய அளவில் கிருமியைக் கொடுப்பதும், மனிதர் வாழ்நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் கிருமிகளைச் சந்திப்பதும் வெவ்வேறு சோதனைகள்.

அப்புறம் சுத்தம். ஆய்வக எலி வளரும் இடத்தில் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் எதுவும் இருக்காது. 2016இல் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று, இந்த எலிகளைச் செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய எலிகளோடு ஒரே கூண்டில் விட்டுப் பார்த்தது. தனியாக வளர்ந்த ஆய்வக எலியின் எதிர்ப்பாற்றல் பிறந்த குழந்தையுடையதை ஒத்திருந்தது. அழுக்கோடு பழகியதுடையது வளர்ந்த மனிதருடையதை ஒத்திருந்தது. 2019இல் வேறொரு குழு, ஆய்வக எலியின் கருவைக் காட்டு எலித் தாயின் வயிற்றில் வைத்துப் பிறக்கச் செய்தது. மனிதரில் தோற்ற இரண்டு சிகிச்சைகள் இந்த எலிகளிலும் தோற்றன. சுத்தமான எலிகளில் அவை வெற்றி பெற்றிருந்தன! தடுப்பூசி ஆய்வு செய்பவர்கள் இந்த இரண்டு கட்டுரைகளையும் படிக்காமல் எலிக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது என்பேன்.

எலிக்கும் மனிதருக்கும் எவ்வளவு ஒற்றுமை என்பதில் துறைக்குள் ஒரு சண்டையே நடந்தது. கடும் அழற்சியின்போது மரபணுக்கள் மாறும் விதத்தில் எலிக்கும் மனிதருக்கும் ஏறக்குறைய ஒற்றுமையே இல்லை என்று 2013இல் ஒரு கட்டுரை வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் வேறொரு குழு அதே தரவுகளை எடுத்து, இரண்டிலும் தெளிவாக மாறிய மரபணுக்களை மட்டும் ஒப்பிட்டு, ஒற்றுமை நன்றாகவே இருக்கிறது என்றது. ஒரே தரவு, நேரெதிர் முடிவு. என்னைக் கேட்டால் இரண்டுமே சரிதான். பொதுவாக இருக்கும் பாதைகளைப் படிக்க எலி நல்ல இடம். மனிதரில் நடக்கும் மொத்தத்தையும் எலியை வைத்துக் கணிக்க முடியாது.

கடைசியாக, கிருமி எலிக்குள் நுழையுமா என்பதே ஒரு கேள்வி. கோவிட் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வது ஏஸ்2 என்ற புரதத்தை. வைரஸின் முதல் வடிவம் எலியின் ஏஸ்2 புரதத்தில் ஒட்டவில்லை. மனித ஏஸ்2 பொருத்திய எலி முன்பே, 2007இல், சார்ஸ் ஆய்வுக்காக உருவாக்கப்பட்டிருந்தது, அது கைகொடுத்தது. ஆனால் அந்த எலியில் வைரஸ் மூளைக்கும் போனது. செத்த எலி நுரையீரல் நோயால் செத்ததா, மூளைத் தொற்றாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. டைஃபாய்டு இன்னும் மோசம். மனிதருக்கு டைஃபாய்டு தரும் சால்மொனெல்லா எலியில் நோய் தருவதே இல்லை. அதனால் அதன் உறவுக்காரக் கிருமி ஒன்றை எலிக்குக் கொடுத்து ஆராய்கிறார்கள். அது மனிதருக்கு வழக்கமாக வயிற்றுப்போக்கைத்தான் தரும். ஆக, ஆளும் வேறு, கிருமியும் வேறு.

ஃபெரெட், ஹாம்ஸ்டர், கினிப்பன்றி, மீன்

பரவலைப் பற்றிய கேள்வி என்றால் எலியை விட்டு வெளியே வர வேண்டும். ஃப்ளூ எலியிலிருந்து எலிக்குச் சரியாகப் பரவாது. கீரியைப் போன்ற ஃபெரெட் என்ற சிறு விலங்கில் பரவும். அதன் மேல் மூச்சுப்பாதையில் ஃப்ளூ வைரஸ் ஒட்டும் சர்க்கரை மூலக்கூறுகள் மனிதருடையதைப் போலவே அமைந்திருக்கின்றன. நம்மைப் போலவே காய்ச்சல் வரும், மூக்கு ஒழுகும், தும்மும். மனித ஃப்ளூ வைரஸை 1933இல் லண்டனில் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டில்தான். சில ஆண்டுகள் கழித்து அதே குழுவில் ஓர் ஆய்வாளரின் முகத்தில் நோயுற்ற ஃபெரெட் ஒன்று தும்ம, அவருக்கு ஃப்ளூ வந்தது. அதையும் ஒரு கட்டுரையாக எழுதிவிட்டார்கள்.

ஆனால் ஃபெரெட்டில் எதிர்ப்பாற்றலை நுணுக்கமாகப் படிக்க நினைத்தால் கை கட்டப்பட்டுவிடும். எலிக்குக் கிடைக்கும் ஆன்டிபாடிகளில் சிறு பங்குதான் இதற்குக் கிடைக்கிறது. டி செல்லில் எந்த வகை, எந்த நிலை என்று பிரித்துப் பார்ப்பதற்குள் திணறிப்போவோம். ஹாம்ஸ்டருக்கும் இதே குறை உண்டு. கோவிட் வைரஸ் எந்த மரபணு மாற்றமும் இல்லாமலே சிரியன் ஹாம்ஸ்டரில் நுரையீரல் நோயைத் தந்தது. இரண்டு வாரத்தில் அது தேறியும்விட்டது. லேசான, நடுத்தர நோய்க்கு அருமையான மாதிரி. ஆனால் 'எந்தச் செல் காப்பாற்றியது' என்று கேட்டால் பதில் சொல்லக் கருவிகள் போதாது.

கினிப்பன்றி காசநோய்க்கு எளிதில் ஆளாகும். 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் பயன்படுத்திய விலங்குகளில் அதுவும் ஒன்று. 1950களில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி குழு, காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிக் கூண்டுகளுக்குக் கொண்டுபோனது. கினிப்பன்றிகளுக்குக் காசநோய் வந்தது. நோய் காற்றில் பரவுவதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. அங்கே கினிப்பன்றியின் வேலை, காற்றில் கிருமி இருக்கிறதா என்று சொல்லும் கருவியாக இருப்பது மட்டும்தான். ஒரு விலங்கை இவ்வளவு குறுகிய, சரியான கேள்விக்குப் பயன்படுத்தியதால்தான் அந்தச் சோதனை இன்றும் நிற்கிறது.

வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடிபோல் இருக்கும். உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் கிருமியைச் செல் விழுங்குவதைப் பார்க்கலாம். காசநோய்க் கிருமியின் உறவான ஒரு மீன் கிருமியை வைத்து லலிதா ராமகிருஷ்ணன் குழு செய்த வேலை, கிரானுலோமா என்ற செல் திரளைப் பற்றிய கருத்தையே மாற்றியது. கிருமியைச் சிறைபிடிக்க உடல் கட்டும் சுவர் என்று நினைத்திருந்ததை, தொடக்கத்தில் கிருமியே தான் பெருகப் பயன்படுத்திக்கொள்கிறது என்று காட்டினார்கள். குஞ்சுப் பருவத்தில் டி செல், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல் எல்லாம் முழுமையாக வந்திருக்காது. பிறவி எதிர்ப்பாற்றலை, அதாவது கிருமியை முன்பே சந்திக்காமலே செயல்படும் பகுதியை, மட்டும் தனியாகப் பார்க்க விரும்புபவருக்கு அது வசதி. தடுப்பூசி ஆய்வுக்கு உதவாது.

பண்ணை விலங்குகள்: யாரும் கேட்காத வழி

மாடு, கோழி, பன்றி, ஆடு. மருத்துவ ஆய்வுக்காரர்கள் இவற்றைக் கால்நடைத் துறையின் விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது எனக்குப் புரியவே இல்லை. இங்கே கிருமியும் விலங்கும் பல நூறு ஆண்டுகளாக ஒன்றோடொன்று பழகியவை. செயற்கையாக எதையும் பொருத்த வேண்டியதில்லை. வரும் முடிவு மனிதருக்குப் பயன்படாமலே போனாலும் அந்த விலங்குக்குப் பயன்படும். இந்த ஒரு காரணமே போதாதா?

பி செல் என்ற பெயரில் இருக்கும் 'பி' எங்கிருந்து வந்தது? கோழியின் பின்பக்கத்தில் இருக்கும் பர்சா என்ற சிறு உறுப்பிலிருந்து. 1950களில் ஓஹையோவில் ஆய்வு மாணவராக இருந்த புரூஸ் கிளிக், பர்சாவை அகற்றிய சில கோழிகளை வளர்த்துவந்தார். அங்கிருந்த இன்னொரு மாணவர், ஆன்டிபாடி உருவாவதை வகுப்பில் காட்டுவதற்காக அந்தக் கோழிகளை வாங்கிப்போனார். அவற்றில் ஆன்டிபாடியே உருவாகவில்லை. விளக்கம் தேடியபோது பர்சாவில் போய் நின்றது. பெரிய அறிவியல் இதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் 1956இல் கோழி வளர்ப்பு அறிவியல் இதழில் வெளியானது. ஆன்டிபாடி தயாரிக்கும் செல்கள் ஒரு தனி வம்சம் என்ற அறிவு அங்கிருந்து தொடங்கியது. எலிக்கும் மனிதருக்கும் பர்சா கிடையாது என்பதால், அந்த இரண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது இவ்வளவு சுலபமாகச் சிக்கியிருக்காது.

மாட்டிலிருந்து வந்தது இன்னும் நேரடியானது. இன்று காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று அறிய மனித ரத்தத்தில் செய்யும் இன்டர்ஃபெரான் காமா பரிசோதனை, முதலில் மாடுகளுக்காக ஆஸ்திரேலியாவில் உருவானது. ரத்தத்தைக் காசநோய்க் கிருமியின் புரதத்தோடு சேர்த்துவைத்து, டி செல்கள் இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அதன் சாரம். மாட்டில் நிலைபெற்ற பிறகுதான் மனிதருக்கு வந்தது. காசநோய்க்கு இன்றும் நம்மிடம் இருக்கும் ஒரே தடுப்பூசியான பிசிஜி, மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் வளர்த்து வளர்த்து வலுவிழக்கச் செய்து எடுத்தது; 1921இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது.

கோழிகளைத் தாக்கும் மாரெக்ஸ் நோயைப் பாருங்கள். அதற்கான தடுப்பூசி கோழி சாகாமல் காக்கிறது, ஆனால் வைரஸ் தொற்றுவதையும் பரவுவதையும் முழுமையாகத் தடுப்பதில்லை. 2015இல் ஆண்ட்ரூ ரீட் குழு செய்த சோதனையில், மிகக் கொடிய வைரஸ் வகைகள் தடுப்பூசி போடாத கோழிகளை விரைவில் கொன்று, பரவ வாய்ப்பில்லாமல் தாங்களும் முடிந்தன. தடுப்பூசி போட்ட கோழிகள் பிழைத்து, நீண்ட நாள் வைரஸை வெளியே விட்டன. தடுப்பூசி ஒரு கிருமியின் பரிணாமத்தை எங்கே தள்ளும் என்ற இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, கிருமி இயல்பாக வாழும் விலங்கைத் தவிர வேறு வழியே இல்லை.

வேறு வசதிகளும் உண்டு. மாட்டிடம் ஒரே விலங்கிலிருந்து வாரந்தோறும் தாராளமாக ரத்தம் எடுக்கலாம். எலியில் ஒவ்வொரு நாள் கணக்குக்கும் ஒரு கூட்டத்தைக் கொல்ல வேண்டியிருக்கும். ஆட்டில் நிணநீர்க் குழாயில் சிறு குழாயைப் பொருத்தி, எதிர்ப்புச் செல்கள் கூடும் நிணநீர்க் கணுவுக்கு வரும் போகும் செல்களை நாள்கணக்கில் சேகரிக்கலாம். 2017இல் மாடுகளுக்கு எச்ஐவியின் மேற்பரப்புப் புரதத்தைச் செலுத்தியபோது, மனிதரில் ஆண்டுக்கணக்கில் ஆகும் பரந்த வீச்சுள்ள ஆன்டிபாடிகள் வாரக்கணக்கிலேயே தலைகாட்டின. மாட்டு ஆன்டிபாடி சிலவற்றில் ஒரு பகுதி அசாதாரண நீளத்தில் நீட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். எச்ஐவி மாட்டைத் தொற்றவே தொற்றாது என்பது வேடிக்கை.

குறைகளை மறைக்க வேண்டாம். கொடிய கிருமியோடு மாட்டை வைத்திருக்கும் அளவுக்குப் பாதுகாப்பான தொழுவங்கள் உலகில் குறைவு. ஒவ்வொரு விலங்கும் மரபணுவில் வேறு, அதனால் முடிவுகள் சிதறும். எண்ணிக்கையைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்றால் செலவு இடிக்கும். கன்றின் ரத்தத்தில் காமா டெல்டா என்ற தனி வகை டி செல்கள் மிக அதிகம், மனிதரில் சில விழுக்காடுதான். எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்துச் சொல்லிவிட முடியாது. பணம் கேட்டுப் போனால் மருத்துவ ஆய்வு நிதி 'இது கால்நடை' என்னும், வேளாண் நிதி 'இது மருத்துவம்' என்னும். இந்தக் கடைசிக் குறை அறிவியலில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது.

வௌவாலையும் சிலர் கேட்பார்கள். எகிப்தியப் பழந்தின்னி வௌவால் மார்பர்க் வைரஸைச் சுமந்துகொண்டு நோயே இல்லாமல் திரிகிறது. கிருமியைத் தாங்கிக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் வௌவால் கூட்டத்தை வளர்த்துப் பராமரிக்கும் ஆய்வகத்தோடு தொடர்பு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

குரங்கு

மனிதருக்கு மிக அருகில் இருப்பது குரங்கு, ஆகவே அதில் வந்த முடிவு மனிதருக்கும் பொருந்தும் என்பது பொதுவான நினைப்பு. இரண்டு நிகழ்வுகள் அந்த நினைப்பைக் கலைக்க வேண்டும்.

2006இல் லண்டனில் ஆறு தன்னார்வலர்களுக்கு டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்து செலுத்தப்பட்டது. குரங்குகளில் பாதுகாப்பாக இருந்த அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல் (எதிர்ப்பாற்றலின் சமிக்ஞைப் புரதங்கள் கட்டுமீறிப் பெருகுவது) அடித்து, உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. அந்த மருந்து பிடிக்க வேண்டிய சிடி28 என்ற புரதம், மனிதரின் ஒரு வகை நினைவு டி செல்களில் இருக்கிறது, மக்காக் குரங்கின் அதே செல்களில் இல்லை என்று பிறகு தெரிந்தது. மரபணு வரிசையில் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தார்கள். அந்தப் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இரண்டாவது, 2007இல் நிறுத்தப்பட்ட ஸ்டெப் எச்ஐவி தடுப்பூசிச் சோதனை. அடினோவைரஸ் என்ற சளி வைரஸில் ஏற்றிய அந்தத் தடுப்பூசி, குரங்கு வைரஸும் எச்ஐவியும் கலந்த ஒரு செயற்கை வைரஸுக்கு எதிராகக் குரங்குகளில் நல்ல பலன் காட்டியிருந்தது. இன்னும் கடினமான குரங்கு வைரஸ் ஒன்றுக்கு எதிராக அந்தப் பலன் வரவில்லை. மனிதரில் அது காக்கவில்லை. விலங்கு சரியாக இருந்தாலும், அதற்குக் கொடுக்கும் வைரஸ் தவறாக இருந்தால் முடிவு திசைமாறும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், குரங்கு மட்டுமே பதில் தரும் கேள்விகள் உண்டு. எய்ட்ஸ் போன்ற நோய் ரீசஸ் குரங்கில், எச்ஐவியின் குரங்கு உறவான எஸ்ஐவியால் வருகிறது. அதே வகை வைரஸைச் சுமக்கும் ஆப்பிரிக்க மாங்கபே குரங்குக்கு வருவதில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான், வைரஸ் இருப்பதைவிட எதிர்ப்பாற்றல் ஓயாமல் தூண்டப்படுவதே அழிவுக்கு வழி என்பது துலங்கியது. மனிதரைப் போல் காசநோய் உள்ளுறைந்து கிடப்பதும் மக்காக்கில் நடக்கிறது. 2020இல் பிசிஜியைத் தோலில் போடாமல் ரத்தக்குழாய் வழியே செலுத்தியபோது, 10 குரங்குகளில் 9 நன்றாகக் காக்கப்பட்டன. இதை எலியில் பார்த்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் பத்தே விலங்கு! குரங்கு ஆய்வில் எண்ணிக்கை எப்போதும் சிறியதுதான். செலவும் அறமும் அதைத் தாண்ட விடுவதில்லை. வேறு எல்லா வழியும் அடைபட்ட பிறகு கடைசியாகப் போக வேண்டிய இடம் இது என்பது என் தீர்ப்பு.

மனிதர்

மனிதரில் இரண்டு வழிகள். ஒன்று, தன்னார்வலர்களுக்குத் தெரிந்தே கிருமியைக் கொடுப்பது. கேட்டதும் மனம் துணுக்குறும், காரணமும் இருக்கிறது. 1946 முதல் 1948 வரை குவாத்தமாலாவில் சிறைக்கைதிகளுக்கும் மனநோயாளிகளுக்கும் அவர்களின் ஒப்புதல் இல்லாமல் பால்வினை நோய்க்கிருமிகள் செலுத்தப்பட்டன. 2010இல் அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது. இன்று நடப்பவை ஒப்புதலோடு, மேற்பார்வையோடு, குணப்படுத்தக்கூடிய நோய்களில் நடப்பவை. டைஃபாய்டு போல மனிதரை மட்டும் தாக்கும் கிருமிக்கு இதைவிட நேர்வழி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த சோதனையில் ஒரு டைஃபாய்டு தடுப்பூசி 54.6 விழுக்காடு காத்தது என்று 2017இல் வெளியானது. அந்த முடிவு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைக்கு வலுச் சேர்த்தது. பிறகு நேபாளத்தில் குழந்தைகளிடம் களத்தில் பார்த்தபோது 81.6 விழுக்காடு. சோதனையில் கொடுக்கப்படும் கிருமி அளவு, தடுப்பூசி போடாதவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரும்படி வைக்கப்படுகிறது. களத்தில் அப்படி இல்லை. இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

இந்த முறையின் உண்மையான பலம் நேரம். இயல்பாக நோய் வந்தவரிடம் கிருமி எப்போது நுழைந்தது என்று தெரியாது. பிரிட்டனில் 2021இல் 36 இளைஞர்களுக்குக் கோவிட் வைரஸை மூக்கில் சொட்டினார்கள். 18 பேருக்குத் தொற்றியது. இரண்டு நாளுக்குள் தொண்டையில் வைரஸ் தென்பட்டது. தொற்றாதவர்களின் மூக்கில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க முடிந்தது. வேறெங்கும் கிடைக்காத தரவு அது. ஆனால் ஆரோக்கியமான இளைஞர்களிடம் மட்டும். கடும் நோய் எப்படி வருகிறது என்று இதில் கேட்கவே முடியாது.

இரண்டாவது வழி, கிருமி எதையும் கொடுக்காமல், நோயாளிகளிடமிருந்தும் தடுப்பூசி போட்டவர்களிடமிருந்தும் மாதிரி எடுப்பது. ஆரவாரமில்லாத வேலை. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். கோவிட்டால் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 987 பேரில் 101 பேருக்கு, தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் உடலில் இருந்தன என்று 2020இல் தெரியவந்தது. எந்த எலியும் இதை முதலில் சொல்லியிருக்காது. குறை என்னவென்றால், நாம் எடுப்பது பெரும்பாலும் ரத்தம், எதிர்ப்பாற்றலின் வேலை நடப்பதோ திசுக்களில். இப்போது நிணநீர்க் கணுவிலிருந்தே மெல்லிய ஊசியால் செல்களை எடுக்கிறார்கள். எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டு 12 வாரமாகியும் அங்கே பி செல் பயிற்சி ஓயவில்லை என்று 2021இல் தெரிந்தது அப்படித்தான்.

ஆய்வகத்தில் மனிதச் செல்களிலிருந்து வளர்க்கும் குட்டி உறுப்புகளான ஆர்கனாய்டுகளை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பல பத்தாண்டுகளாக வளர்க்க முடியாமல் போக்குக் காட்டிய மனித நோரோவைரஸ், 2016இல் மனிதக் குடல் ஆர்கனாய்டில் வளர்ந்தது. 2021இல் டான்சில் திசுவிலிருந்து செய்த ஆர்கனாய்டு ஃப்ளூ தடுப்பூசிக்கு ஆன்டிபாடியே தயாரித்தது. ரத்த ஓட்டமும் மற்ற உறுப்புகளும் இல்லாததால் காய்ச்சலையோ பரவலையோ இதில் கேட்க முடியாது. மனிதச் செல்களை ஏற்றிய எலி எச்ஐவிக்கு உதவியிருக்கிறது. ஆன்டிபாடி ஆய்வுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், அதில் ஆன்டிபாடி பதில் சோப்ளாங்கியாகத்தான் வரும்.

எதை எடுப்பது?

ஒரு செல், ஒரு மரபணு, ஒரு பாதை பற்றிய கேள்வியா? எலியை எடுங்கள். வகையை யோசித்துத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் இரண்டு வகை. முதல் எலியை வாங்கும் முன்பே, நீங்கள் படிக்கப்போகும் புரதம் மனிதரில் அதே செல்லில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெளியாகியிருக்கும் மனிதத் தரவுகளைப் புரட்ட ஒரு வாரம் போதும். டிஜிஎன்1412 கதையில் விடுபட்டது அந்தப் பார்வைதான். பரவலா? ஃப்ளூவுக்கு ஃபெரெட், கோவிட்டுக்கு ஹாம்ஸ்டர். எதிர்ப்பாற்றலின் நுணுக்கத்தை அங்கே தேடிப் பணத்தை விடாதீர்கள். விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோயா, தடுப்பூசியால் கிருமி எப்படி மாறும் என்பதா? கால்நடை ஆய்வு நிலையத்தின் கதவைத் தட்டுங்கள். ஒருவருக்கு ஏன் முற்றுகிறது, இன்னொருவருக்கு ஏன் முற்றுவதில்லை என்பதா? நேராக மனித மாதிரிகளுக்குப் போய்விடுங்கள். விலங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மூன்று கொள்கைகளை, அதாவது விலங்குக்கு மாற்றுத் தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை என்பதை, அறக்குழுவுக்கான படிவத்தை நிரப்பும்போது மட்டும் நினைப்பது வழக்கம். தவறான விலங்கில் செய்த ஆய்வில் செத்த விலங்குகள் அத்தனையும் வீண் என்பதால், இந்தத் தேர்வே அறக்கேள்விதான்.

தேர்வு செய்யும் நிலையில் நீங்கள் இல்லை, ஆய்வகத்தில் இருப்பது சுத்தமான சி57 எலி மட்டும்தான் என்றாலும் வழி இருக்கிறது. முக்கியமான ஒரு சோதனையை மட்டும் அழுக்கோடு பழகிய எலிகளில் திரும்பச் செய்யக் கேளுங்கள். தனி அறை வேண்டும், எலிக்கூடத்தின் பொறுப்பாளர் முதலில் மறுப்பார், விடாதீர்கள். அருகில் இருக்கும் மருத்துவமனையின் ஆய்வுக்குழுவோடு பேசி, முறையான ஒப்புதலோடு சேமித்துவைத்த ரத்த மாதிரிகளில் அதே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கட்டுரை வலுவாகும். ஒத்துப்போகவில்லை என்றால், எழுத வேண்டிய கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியதாக இருக்கலாம்.